லாச்சிக்கு ஓர் அடிக்குறிப்பு

நான் இதுவரை எழுதியவற்றில் மிகக் கவனமாக வாசிக்கப்பட்டது ஓர் அடிக்குறிப்புத்தான். ஒரு புத்தகமும் முந்நூற்றுச் சொச்சம் பத்திகளும் எழுதியிருக்கிறேன். புத்தகத்தில் இருநூறு பிரதிகள் ஸ்காபரோப் பக்கம் ரூஜில் என் வீட்டு பேஸ்மென்ற்றில் ஹீட்டருக்குப் பக்கத்தில் குளிரில்லாமல் இருக்கின்றன. பத்திகள் வந்த இலவசப் பத்திரிகையை எங்கள் சனம் மீன் வெட்டும்போது கீழே விரித்தது. ஆனால் அந்த அடிக்குறிப்பை ஒரு மனிதர் ஊன்றி வாசித்து, தன் தீர்ப்பில் என் பெயரோடு எடுத்துப் போட்டார். எந்த எழுத்தாளனுக்கு இந்தக் கொடுப்பினை வாய்க்கும்?

என் பெயர் அருள்நாயகம். யாழ்ப்பாணத்தில் மொழியியல் படித்து நாலு வருடம் உதவி விரிவுரையாளராக இருந்தேன். பிறகு ஸ்காபரோவில் இருபத்தாறு வருடம் ஜன்னலுக்குச் சட்டம் பூட்டினேன். கை சட்டம் பூட்ட, வாய் சொற்களை முணுமுணுக்கும். கந்தோர், போஞ்சி, லாச்சி, துட்டு, கக்கூசு. எல்லாம் ஒல்லாந்தர் எங்களிடம் விட்டுப்போனவை. அவர்களை எங்கள் முன்னோர் உலாந்தாக்காரர் என்றார்கள். அவர்கள் கோட்டையைக் கட்டினார்கள், வரியைப் பிடித்தார்கள், பிறகு இங்கிலீசுக்காரனிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். சொற்களை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நான் அவற்றைப் பொறுக்கிப் புத்தகமாக்கினேன்.

புத்தகத்தின் வெளியீட்டு விழா அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மங்கள விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, வாழ்த்துரை நாலு. அதன் பிறகு ஆய்வுரை. ஆய்வுரைக்கு விழாக் குழு பிடித்து வந்த ஆள் மோகனசுந்தரம். நாகப்பட்டினத்துக்காரர். பக்கத்து நகரமான மார்க்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஓய்வு நேரத்தில் ஒல்லாந்தர் காலத்து ஆவணங்களைக் கிண்டுகிறவர் என்று அறிமுகம் செய்தார்கள். நான் முன்வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

“புத்தகம் நல்லா வந்திருக்கு,” என்று தொடங்கினார். “ஆனா ஒரு விஷயம். ‘துட்டு’ங்கிற சொல் சிலோன்லேருந்து எங்க பக்கம் வந்ததுன்னு சார் எழுதியிருக்காரு. நாகப்பட்டினத்துலயே டச்சுக்காரன் துட்டு அடிச்சிருக்கான் சார். எங்க ஊர்ல அடிச்ச துட்டு, கப்பலேறி சிலோன் போய், சுத்திப் பாத்துட்டு, மறுபடி எங்ககிட்டயே வரணுமா?”

மண்டபம் சிரித்தது. என் மனைவி இராஜேஸ்வரியும் சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவதுபோல் செய்தாள். அந்த மனிதர் இன்னும் இருபது நிமிடம் பேசினார். பிறகு புத்தகத்தைப் புகழ்ந்தாராம். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத கோபம். தவறாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன்.

விழா முடிந்ததும் கையை நீட்டிக்கொண்டு வந்து, “தப்பா எடுத்துக்காதீங்க சார், மெயில் போடுறேன்,” என்றார். நான் பல்லைக் காட்டினேன். சொன்னபடி மெயிலும் போட்டார். நான் திறக்கவில்லை. அவருடைய மெயில் எது வந்தாலும் நேரே போய் விழும்படி கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி செய்து, அதற்கு ‘பிறகு’ என்று பெயரும் வைத்தேன். பெட்டியை ஒருநாளும் திறக்கவில்லை. ஆனால் அன்று முதல் நான் எழுதும் ஒவ்வொரு பத்தியின் வாலிலும் ஒரு வரி ஒட்டிக்கொண்டது. ‘தமிழகத்திலும் வழங்கியிருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.’ அந்த வரி அவருக்காக மட்டும் எழுதப்பட்டது. அவர் மார்க்கத்தில் இருந்து வாசித்து வாயடைத்துப் போகவேண்டும் என்று.

மூன்று வருடம் இப்படியே போனது. ஒரு தை மாதம், பனி கொட்டி ஓய்ந்திருந்த காலையில் பேர்ணடெற் போன் எடுத்தாள். பேர்ணடெற் மட்டக்களப்புக்காரி. ஷெப்பேர்ட் வீதியில் ஒரு வெள்ளைக்கார லோயரின் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக அகதி வழக்குகளுக்குப் படிவம் நிரப்புகிறாள். அவளுக்கு யாரிடமும் பயம் கிடையாது.

“அருள் அண்ணை, உங்கட உலாந்தாக்காரர் இதுவரைக்கும் ஆருக்கும் உதவினதே? இப்ப ஒரு சான்ஸ் வந்திருக்கு. சட்டையைப் போட்டுக்கொண்டு வாங்கோ.”

போனேன். அவளுடைய மேசைக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது. வேலைத்தலத்து நீல ஜாக்கெற், ஈரப் பூட்ஸ். வணக்கம் சொன்ன தோரணையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, தமிழ்நாட்டு வாடை.

“இவ துஷானி,” என்றாள் பேர்ணடெற். “வீரக்குட்டியின்ர மகள். களுவாஞ்சிகுடிப் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு, அஞ்சு வயசில தாயோட வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவ. மறுகா முப்பது வருசத்துக்கு மேல முகாமிலதான் சீவியம். ஏஜென்சிக்காரன் வேற ஆரோ ஒரு இந்தியப் பொம்பிளையின்ர பாஸ்போட்டில ஏத்தி அனுப்பியிருக்கிறான். முகாம் அடையாளக் காட்டையும் அவனே வாங்கி வச்சிட்டான். இப்ப இஞ்ச என்ன சொல்லினம் தெரியுமே? நீ இலங்கையே இல்லை, இந்தியாக்காரி, திரும்பிப் போ எண்டு.”

“பேச்சும் அப்படித்தானே இருக்கு,” என்றேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஒரு முட்டாள்.

“அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டனான்,” என்றாள் பேர்ணடெற். “போன கிழமை இதில இருந்து படிவம் நிரப்பேக்க பேனை எழுதேல்லை. ‘லாச்சில வேற பேனா இருக்கா அக்கா?’ எண்டு கேட்டுது. எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. இந்தியாக்காரி லாச்சி எண்டு சொல்லுவாளே?”

எனக்கும் கூச்செறிந்தது. எங்கள் ஆட்கள் மேசையில் இழுத்து மூடும் அறையை லாச்சி என்பார்கள். கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, எங்கேயும் லாச்சிதான். இந்தியத் தமிழருக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் ஏதோ பலகாரத்தின் பெயர் என்று நினைப்பார்கள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

“இந்தச் சொல் எங்க பழகினீங்கள் பிள்ளை?”

“பழகல சார். வீட்ல அப்படித்தான் சொல்லுவோம்.” கொஞ்சம் யோசித்தாள். “மத்தியானம் சார். ஊர்ல சண்டைன்னு எல்லாரும் ஓடி ரோட்டுக்கு வந்துட்டோம். அப்பா நடுவுல நின்னுட்டாரு. ‘புள்ளையள்ற சேட்டிபிக்கட் லாச்சிக்குள்ள கிடக்கு’ன்னாரு. அப்படியே காதுல இருக்கு. எடுத்துட்டு வரேன்னு திரும்பிப் போனாரு. வரல.”

பேர்ணடெற் ஜன்னலைப் பார்த்தாள். அவள் இந்தக் கதையை முன்பே கேட்டிருப்பாள்.

“அம்மா சாகுற வரைக்கும் முகாம்ல எது காணாமப் போனாலும் ‘லாச்சிக்குள்ள பார்’னுதான் சொல்லுவாங்க. பத்துக்குப் பத்து ரூம் சார். ஒரு கயிறு, ரெண்டு பெட்டி. லாச்சியே கிடையாது. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க சிரிப்பாங்க. மத்த பேச்செல்லாம் ஸ்கூல்ல மாறிடுச்சு. இது மட்டும் நின்னுபோச்சு.”

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். முகாமில் தங்கையிடம் விட்டு வந்திருந்தாள். இங்கே அகதியாக ஏற்றுக்கொண்டால் மகளைக் கூப்பிடலாம். இல்லையென்றால் அவளையே அனுப்புவார்கள், அவளுடையது அல்லாத ஒரு நாட்டுக்கு, அவளுடையது அல்லாத ஒரு பெயரில்.

நான் என்ன செய்தேன்? பாடம் எடுத்தேன். ஒல்லாந்து மொழியில் ‘லாடன்’ என்றால் பாரம் ஏற்றுதல். அதிலிருந்து ‘லாட’, பொருள் போட்டு வைக்கும் இழுப்பறை. அதையே சின்னதாக்கிச் சொன்னால் ‘லாச்ய’. எங்கள் வாய்க்கு வந்தபோது லாச்சி. ‘போன்’ என்ற அவரைக்காய் ‘போஞ்ய’ ஆகி எங்களுக்குப் போஞ்சி ஆனதும் இதே வழியால்தான். கப்பலில் சரக்கு ஏற்றுகிறவனின் சொல் பிள்ளை, எத்தனை கடல் தாண்டி வந்திருக்கிறது பாருங்கோ என்று நான் கண்கள் மின்னச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மரியாதைக்குத் தலையாட்டினாள். முடிந்ததும் ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

“அப்போ இது இந்தியாவுல கிடையாதா சார்?”

“இல்லை,” என்றேன். எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. வாயால் சொல்லும்போது மனிதனுக்குத் துணிவு வந்துவிடுகிறது.

கடிதத்தை மூன்று நாள் எழுதினேன். இங்கிலீசில் ஒன்றரைப் பக்கம். யார் நான், என்ன படித்தேன், லாச்சி எங்கிருந்து வந்தது, எங்கே வழங்குகிறது. ஐந்து வயதுக்கு முன் வீட்டில் கேட்டாலொழிய ஒரு முகாம் பிள்ளைக்கு இந்தச் சொல் இவ்வளவு இயல்பாக நாவில் வராது என்று முடித்தேன். நல்ல கடிதம். நானே நாலு தடவை வாசித்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். ஐந்தாவது தடவை வாசித்தபோது என் தோளுக்குப் பின்னால் மோகனசுந்தரம் வந்து நின்றார். ‘இந்தியாவில் இல்லை’ என்ற வரியைப் பார்த்து, மைக்கைக் கிட்ட இழுத்து, “ஆனா ஒரு விஷயம்,” என்றார்.

இராஜேஸ்வரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள்.

“என்ன யோசினை?”

“நாகப்பட்டினத்தில இந்தச் சொல் இருந்திருக்குமோ தெரியேல்லை.”

“அங்கத்தை ஆள் ஒராள் மார்க்கத்தில இருக்கிறார்தானே. ஒரு கோல் எடுத்துக் கேளுங்கோவன்.”

“உவரையோ?” என்றேன். “உவரிட்டை நான் பிச்சை எடுக்கிறதே?”

“ஒரு சொல்லுக்கு ஆம், இல்லை கேக்கிறது பிச்சையே?” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நம்பர் என்னிடம் இருந்தது. விழாக் குழுப் பட்டியல் சுவரிலேயே ஒட்டியிருந்தது. பத்து இலக்கம். நான் அதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். பிறகு கடிதத்தின் அடியில் ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இப்படி எழுதினேன்: ‘ஒல்லாந்தர் நாகப்பட்டினத்திலும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தமையால், இச்சொல் தமிழகக் கரையோரத்திலும் வழங்கியிருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.’

ஒரு சான்றும் இல்லை. ஒரு கிழவரிடம் கேட்கவில்லை, ஓர் ஓலையைப் புரட்டவில்லை. சும்மா ஒரு ‘கூடும்’. எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. இனி அந்த ஆள் என்னைப் பிடிக்க முடியாது.

அடுத்த நாள் பின்னேரம் பேர்ணடெற் போன் எடுத்தாள். “அண்ணை, கடிதம் பொன் போல இருக்கு. அடியில ஒரு சின்ன எழுத்து கிடக்கு. அது தேவையோ எண்டு லோயர் கேக்கிறார். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு முதல் குடுக்கவேணும்.”

“அது ஆய்வு நேர்மை பிள்ளை.”

“நேர்மை நல்லது அண்ணை. ஆனா உண்மையிலேயே அங்க இருக்கோ?”

“இருக்கெண்டு நான் சொல்லேல்லையே. மறுப்பதற்கில்லை எண்டுதான் சொன்னனான்.”

“உந்தக் குறிப்பை எடுத்துப்போட்டுத் தாங்கோ அண்ணை. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

“அதை எடுக்கிறதெண்டா என்ர பேரையும் சேர்த்து எடுங்கோ,” என்றேன். அந்த வசனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரவு சாப்பிடும்போது இராஜேஸ்வரிக்கும் சொல்லிக் காட்டினேன். அவள் குழம்பை ஊற்றினாள்.

கடிதம் அப்படியே போனது.

தீர்ப்பு மாசி கடைசியில் வந்தது. பேர்ணடெற் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிடவில்லை. மக்கோவன் சந்தியிலுள்ள கோப்பிக் கடைக்கு வரச் சொன்னாள். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, பதினோராம் பக்கத்தை விரித்து, எனக்குத் தமிழில் சொன்னாள்.

“விண்ணப்பதாரி சொன்ன ‘லாச்சி’ எண்ட சொல்லைப் பற்றி ஒரு நிபுணர் கடிதம் தந்திருக்கிறார். கடிதம் கவனமாக எழுதப்பட்டிருக்கு. ஆனா அந்தச் சொல் இந்தியாவிலயும் இருந்திருக்கலாம் எண்டதை விண்ணப்பதாரியின் நிபுணரே ஒத்துக்கொள்ளுறார். ஆகவே இந்தச் சொல்லைக் கொண்டு அவ இலங்கை எண்டு தீர்மானிக்க ஏலாது.” அவள் தாளை மடித்தாள். “உங்கட பேரையும் போட்டிருக்கினம் அண்ணை. சரியான எழுத்துக்கூட்டலோட.”

“மற்றச் சான்று...?”

“மற்றச் சான்று என்ன கிடக்கு? முகாம் காட்டின்ர மங்கல் போட்டோகொப்பி. அதைத்தான் ஏற்கேல்லையே. இது ஒண்டுதான் இருந்தது.” கோப்பையைத் தள்ளி வைத்தாள். “அந்தப் பிள்ளை என்னைக் கேக்குது, ‘சார் எங்கிட்ட இந்தியாவுல இல்லைன்னுதானே சொன்னாரு அக்கா’ எண்டு. நான் என்ன சொல்ல?”

வீட்டுக்குப் போகாமல் காரை நேரே வடக்கே ஓட்டினேன். மூன்று வருடமாக நான் எடுக்காத பத்து இலக்கத்தை ஒரு தெரு முனையில் காரை நிறுத்திப் போனில் எடுத்தேன். மோகனசுந்தரம் விலாசத்தைச் சொன்னார். குரலில் அப்படியொரு சந்தோசம்.

மார்க்கத்தில் எல்லாம் ஒரே நிறத்து வீடுகள். அவர் கராஜ் வாசலுக்கே வந்து நின்றார். “வாங்க சார், வாங்க! மூணு வருஷமா உங்க பதிலுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்.”

உட்காராமலே கேட்டேன். “நாகப்பட்டினத்தில லாச்சி எண்டு சொல்லுவினமோ?”

“லாச்சியா?” அவர் முகம் விரிந்தது. “அதைத்தானே சார் உங்களுக்கு எழுதினேன்!”

மடிக்கணினியைத் திறந்து காட்டினார். வெளியீட்டு விழா நடந்து மூன்றாவது நாள் அனுப்பியது. தலைப்பு, ‘உங்கள் புத்தகத்தில் எனக்குப் பிடித்தவை’. தன் ஊர்ப் பக்கம் எங்கும் இல்லாத, ஈழத்தில் மட்டும் உள்ள பதினொரு சொற்களை வரிசைப்படுத்தியிருந்தார். முதலாவது லாச்சி. அதற்குக் கீழே, ‘இதைப் பற்றி ஆய்வுரைக்கு முன்பே போனில் ஊரில் முப்பது முதியவர்களிடம் விசாரித்தேன். ஆசாரிமாரிடமும் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அருமையான கண்டுபிடிப்பு. வாழ்த்துகள்.’

வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது. அது மூன்று வருடமாக என் கம்ப்யூட்டரில், ‘பிறகு’ என்று நானே பெயர் வைத்த பெட்டிக்குள் கிடந்தது.

நான் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்குறிப்பு யாருக்காக எழுதப்பட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்டு முடித்ததும் எழுந்து நின்றுவிட்டார். “இப்பவே எழுதித் தரேன் சார். மேல்முறையீடு இருக்குல்ல? அதுல போடுங்க.” உண்மையிலேயே நல்ல மனிதர். அதைத் தாங்குவதுதான் எனக்குப் பெரும் பாடாக இருந்தது.

கால் மணித்தியாலத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். நாலே வசனம். முதல் மூன்றும் வாள் மாதிரி. நாகப்பட்டினத்தில் பிறந்தவன், அங்குள்ள ஒல்லாந்துச் சொற்களைத் திரட்டியவன், லாச்சி அங்கே இல்லை. நாலாவது வசனம் இது: ‘இந்த முடிவை நான் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே திரு. அருள்நாயகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்துள்ளேன்; அதன் பிரதி இத்துடன் உள்ளது.’

“இந்தக் கடைசி வரி...” என்று தொடங்கினேன்.

“ஆய்வுன்னா தேதி வேணும்ல சார்,” என்றார். “நேத்து யோசிச்சு எழுதினதுன்னு யாரும் சொல்லிடக் கூடாது.”

மேல்முறையீட்டில் புதிய சான்று என்றால் என்னவென்று நான் காரில் ஏறுமுன் பேர்ணடெற் எனக்குச் சொல்லியிருந்தாள். முதல் விசாரணையின்போது கைக்கு எட்டாமல் இருந்ததாக இருக்கவேண்டும். முன்பே எடுத்திருக்கக்கூடியது என்றால் தொட்டும் பார்க்கமாட்டார்கள். அந்த நாலாவது வரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஓர் ஆய்வாளன் இன்னோர் ஆய்வாளனைப் பார்க்கும் மதிப்போடு. அந்த மண்டபத்தில் எல்லார் முன்னாலும் நான் இழந்தது அந்தப் பார்வையைத்தான். அதை மறுபடி இழக்க எனக்கு மனம் வரவில்லை.

“சரிதான்,” என்றேன். “தேதி வேணும்.”

லோயர் அந்தக் கடிதத்தை வைத்துத்தான் மேல்முறையீடு போட்டார். வேறு என்ன இருந்தது? நாலாவது வரியை அவர் மறைக்க முடியாது. பதில் ஆனியில் வந்தது. ‘இந்தச் சான்று விசாரணைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே விண்ணப்பதாரியின் சொந்த நிபுணரிடம் இருந்திருக்கிறது. அதை அப்போது ஏன் சமர்ப்பிக்கவில்லை என்பதற்கு விளக்கம் இல்லை.’ விளக்கம் இருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை. இரண்டு நேர்மையான மனிதர்கள் சேர்ந்து ஒரு பெண்ணைக் கவனமாக முடித்துவைத்தோம்.

ஆடியில் பேர்ணடெற்றின் அலுவலகத்துக்குப் போனேன். துஷானி கடைசிப் படிவங்களில் கையெழுத்துப் போட வந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்கமுன் அவள் கேட்டாள்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கடுதாசில அடியில சின்ன எழுத்துல எழுதுனீங்களே. அது யாருக்காக எழுதுனது?”

பேர்ணடெற் தட்டச்சை நிறுத்தவில்லை. ஆனால் திரையில் எழுத்து ஒன்றும் விழவில்லை.

“மார்க்கத்தில ஒராள் இருக்கிறார்,” என்றேன். “அவர் வாசிக்கவேணும் எண்டு எழுதினது.”

“வாசிச்சாரா?”

“இல்லை.”

பஸ் வராது என்று சொன்னால் கேட்டுக்கொள்வதுபோல அவள் கேட்டுக்கொண்டாள். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன்.

“மகளுக்கு அந்தச் சொல்லை நான் சொல்லிக்குடுக்கல சார்,” என்றாள். “அவளுக்கும் ஒட்டிக்கக் கூடாதுன்னு அப்பவே தோணுச்சு. நல்லதாப் போச்சு.”

ஆறு மாதமாக வந்து போனதில் அந்த அலுவலகம் அவளுக்குப் பழகியிருந்தது. கையெழுத்துப் போட்ட தாள்களை அவளே தட்டி அடுக்கினாள். பேர்ணடெற் மேசைமேல் கையால் துழாவினாள்.

“இந்த ஸ்டேப்ளரை எங்க வச்சனான்?”

“டிராயர்ல இருக்கு அக்கா,” என்றாள் துஷானி.

பேர்ணடெற் அசையவில்லை. அவள் பார்த்தது துஷானியை அல்ல, என்னை. நான் கையை நீட்டி மேசையின் லாச்சியை இழுத்தேன். ஸ்டேப்ளர் அதற்குள்தான் இருந்தது.